வண்டிக்கு அடியில் சொன்ன விலை

நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. அது ராத்திரிகூட இல்லை. பிற்பகல் மூன்று ஐம்பது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி விஷயத்துக்கு நடுராத்திரி வேண்டும் என்பார்கள். ஒரு வண்டிக்கு அடியில் இருக்கிற இருட்டே போதும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழைய வண்டிக்கு விலை சொல்வது என் தொழில். பன்னிரண்டு வயதில் கல்குவாரியில் லாரிக்குச் சல்லி அள்ளிப் போட்டேன். பிறகு பட்டறையில் என்ஜினைத் தோளில் சுமந்தேன். என் வலது தோள் இன்றைக்கும் இடது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் தூக்க முடியவில்லை. வாய் மட்டும் மிச்சம் இருந்தது. அதை வைத்துப் பிழைக்கிறேன்.

வாங்குகிறவர் சார்பில்தான் நான் போவேன். எனக்கென்று தனிக் கூலி கிடையாது. விற்கிறவர் கேட்கிற விலையில் நான் எவ்வளவு அடித்துக் குறைக்கிறேனோ, அதில் பத்தில் ஒரு பங்கு எனக்கு. ஆகவே இருக்கிற குறையையும் சொல்வேன், இல்லாத குறையையும் சொல்வேன். வெட்கமெல்லாம் இல்லை. சல்லி அள்ளிய காலத்தில் என்னிடம் எவனும் நியாயம் பேசியதில்லை.

ஒரு பல் டாக்டருக்குப் பழைய ஜீப் மேல் ஆசை. காட்டுப் பாதையில் ஓட்ட வேண்டுமாம். நாலு சக்கரமும் இழுக்கிற, மலை ஏறுகிற அசல் பழைய ஜீப் வேண்டுமாம். ஒரு இடத்தில் இருப்பதாகத் தகவல் வந்தது. போனேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே ஜீப் நின்றது. வயது நாற்பத்து நாலு. காந்தத்தை எடுத்து உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தேன். எங்கேயாவது பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் பச்சென்று ஒட்டியது. வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. இரைச்சல் இல்லை. இந்த மாதிரி வண்டியை என் ஆயுளில் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் விலை போட்டேன். மூன்று லட்சம். கையில் எடுத்துக் கொடுக்கலாம்.

அந்த அம்மாள் கேட்டதும் அதே மூன்று லட்சம்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கண்ணை இமைக்காமல் பேசுகிற ஆள். வண்டிக்குச் சொந்தக்காரரான புருஷன் போய் மூன்று மாதம் ஆகிறது என்று போனிலேயே சொல்லியிருந்தாள். எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை. அது வண்டியின் விலையில் சேராது.

விலை குறைக்கிறபோது எல்லாப் பெண்களும் எனக்குத் தங்கச்சிதான். ஆரம்பித்தேன்.

"என்ன தங்கச்சி, நிக்கறது ஜீப்பா ஏரோப்பிளேனா? மூணுங்கறீங்க?"

"ஸ்டார்ட் ஆச்சுல்ல அண்ணே."

"ஸ்டார்ட் ஆகறது பெரிசில்ல. பிரேக் போட்டா நிக்கணுமே."

அவள் சிரிக்கவில்லை.

"இத வித்துத்தான் நான் நிமிரணும். வேற ஒண்ணுமில்ல எங்கிட்ட."

விற்கிறவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு பேச்சு தயாராக இருக்கும். ஒருவனுக்கு ஆபரேஷன், ஒருவனுக்கு மகள் கல்யாணம். காதில் வாங்கினால் நான் பட்டினி.

"ஒண்ணு நாற்பது. அதுக்கு மேல இந்த வண்டி தாங்காது."

பாதிக்கும் கீழே. அழுவாள், அல்லது கத்துவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"கீழ படுத்துப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காம சொல்ற விலை ஒரு விலையா?"

எப்படியும் நான் பார்ப்பேன். அடியில் படுத்து வண்டியைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும். கீழே இருக்கிறவன் "கிளட்ச்" என்றால் அவர் கிளட்சை மிதிப்பார். "பிரேக்" என்றால் பிரேக். அது கீழே எப்படி அசைகிறது என்று பார்த்தால் வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். குறையைக் கண்டால் அதையும் அதற்குக் கழிக்கிற தொகையையும் கீழேயிருந்தே உரக்கக் கத்துவது என் வழக்கம். மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வரும் அந்தக் குரல். விற்கிறவருக்குப் பாதி தைரியம் அதிலேயே போய்விடும்.

"சீட்ல உக்கார ஒரு ஆள் வேணுமே."

"எங்கண்ணன் பின்னாடி படுத்திருக்காரு. எழுப்பி அனுப்பறேன். நீங்க உள்ள போங்க."

மணி பார்த்தேன். மூன்று ஐம்பது. சாக்கை விரித்து, டார்ச்சோடு மல்லாந்து அடியில் நகர்ந்தேன். கியர் பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் நேராக என் நெஞ்சுக்கு மேலே. நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தாராளம்.

எண்ணெய் வாசனை. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு 'டிங்... டிங்...' என்றது.

இரண்டு நிமிடம் கழித்து வண்டி அசைந்தது. டிரைவர் பக்கத்து ஸ்பிரிங் பட்டை கிரீச்சென்று கொஞ்சம் இறங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டார். நல்ல கனம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கிளட்ச்!"

டக்.

அசைவு சுத்தமாக இருந்தது. புது வண்டிகூட இவ்வளவு சுத்தமாக மிதிபடாது.

"கிளட்ச் போச்சு!" என்று கத்தினேன். "பத்தாயிரம் கழிங்க!"

கிரீச்...

சீட்டில் இருப்பவர் அசைந்து உட்காருகிறார் என்று விட்டுவிட்டேன்.

"பிரேக்!"

டக். கம்பி போல இழுத்துப் பிடித்தது.

"பிரேக் பிடிக்கல! பதினஞ்சு!"

கிரீச்... இந்தத் தடவை வலது பக்கம் இல்லை. இடது பக்கம். அந்தப் பக்கமும் ஒருவர் ஏறின மாதிரி.

கதவு திறந்த சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் ஆடாம உக்காருங்கண்ணே. கீழ ஆள் இருக்கேன்."

பதில் இல்லை. தூக்கக் கலக்கம் போல.

டார்ச்சைத் திருப்பினேன். வண்டி ஒரேயடியாக அமுங்கினால் சேசிஸ் போய் முட்டி நிற்பதற்கு ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் ஒரு ரப்பர் கட்டை இருக்க வேண்டும். நான்கும் இல்லை. இது நிஜமான குறை.

"ரப்பர் கட்டை நாலும் இல்ல. ரெண்டாயிரம்."

வண்டி அசையவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்தது சேசிஸ். பெரிய தொகை கழிக்கிற இடம் அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு ஒரு பொட்டு இல்லை. வெல்டிங் வைத்த தடம் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினேன்.

"சேசிஸ் பூரா துரு! அம்பதாயிரம் கழிங்க!"

நான்கு ஸ்பிரிங்கும் ஒன்றாக இறங்கின.

கி...ரீ...ச்...

நிதானமாக இறங்கின. ஆள்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறுகிற மாதிரி. ஒரு சாணாக இருந்த இடைவெளி இப்போது எட்டு விரல்.

"யாருங்க அது? யார் ஏறினது?"

தலையைத் திருப்பினேன். ஜீப்பில் ஏறுகிற படிக்குக் கீழே கொட்டகையின் தரை முழுக்கத் தெரிந்தது. வாசல் வெளிச்சம் தெரிந்தது. அதற்கும் அப்பால், குழாயடியில், துணி அலசிக்கொண்டிருக்கிற அந்த அம்மாளின் இரண்டு கால்கள் தெரிந்தன.

வேறு கால்கள் எதுவும் வரவில்லை. போகவில்லை. நாலு பேர் ஏறியிருந்தால் எட்டுக் கால்கள் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

மேலே பெடல் மிதிபட்டது.

டக்.

நான் எதுவும் சொல்லவில்லை.

டக். டக்.

கிளட்ச்... பிரேக்... கிளட்ச்... பிரேக்... அவசரமே இல்லாமல். யாரோ காத்திருந்து அலுத்துப்போய்க் காலை ஆட்டுகிற மாதிரி.

குதிகாலை ஊன்றி வெளியே நகரப் பார்த்தேன். சட்டை எங்கேயோ மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை.

கிரீச்.

ஆறு விரல்.

"தங்கச்சி!"

குழாயடிக் கால்கள் அசையவில்லை.

கிரீச்.

நாலு விரல். ரப்பர் கட்டையில் முட்டி நின்றுவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். கட்டைதான் இல்லையே. நானே பார்த்து இரண்டாயிரம் கழித்தேனே.

சட்டம் என் சட்டைப் பொத்தானைத் தொட்டது.

பிறகு நெஞ்சை.

இரும்பு சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

மூச்சை விட்டேன். விட்ட இடத்துக்கு அது இறங்கியது. திரும்ப இழுக்க இடமில்லை.

கத்த வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அந்தக் காற்றில் எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியாது.

"துரு... இல்ல..."

சட்டம் நூலளவு மேலே போனது.

"பிரேக்... நல்லாருக்கு... கிளட்ச்சும்..."

இன்னும் ஒரு நூல். அரை மூச்சு வாங்கினேன். அவ்வளவுதான், விட்டுவிடும் என்று நினைத்தேன்.

விடவில்லை.

பெடல் நின்றுவிட்டது. மேலே யாரோ காது கொடுத்துக் கேட்பது போன்ற ஒரு அமைதி. கூரைத் தகரம்கூடச் சத்தம் போடவில்லை.

எனக்குப் புரிந்தது. என் தொழில் அல்லவா? எதிராளி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"ஒண்ணு... எழுபது," என்றேன்.

அமுக்கியது.

"ரெண்டு."

அமுக்கியது.

"ரெண்டு... பத்து..."

சாகக் கிடக்கிறபோதும் பத்துப் பத்தாக ஏற்றத்தான் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

"ரெண்டு இருபது..."

இடது விலாவில் ஒரு சத்தம். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. கண்ணுக்குள் கறுப்பாகப் பூச்சி பறந்தது.

"ரெண்டரை..."

"ரெண்டே முக்கால்..."

"மூணு."

"மூணு... மூணு... மூணு லட்சம்..."

ஸ்பிரிங் பட்டைகள் முனகின. வண்டி எழுந்தது. ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஒவ்வொருவராக இறங்குகிற மாதிரி. தரையைப் பார்த்தேன். ஒரு கால்கூட இறங்கவில்லை.

சட்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று உருண்டு வெளியே வந்தேன். மணி நாலு பதினாறு.

டிரைவர் சீட்டைப் பார்த்தேன். ஆள் இல்லை. அங்கே இருந்தது என்னுடைய கருவிப் பை. கீழே போகுமுன் நானே அந்தச் சீட்டில் வைத்தது. அதன் மேல் என் மூக்குக் கண்ணாடி, மடித்து வைத்தது வைத்தபடி. யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் அது தூளாகியிருக்கும்.

அந்த அம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பாத்தாச்சா அண்ணே?"

"உங்க... உங்க அண்ணன்..."

"வரலையா? அவரு செருப்பையே காணோம். வெளிய போயிட்டாரு போல. நானும் துணி அலச உக்காந்துட்டேன்."

வண்டியைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"மூணு லட்சம்," என்றேன். "நீங்க கேட்டதே. முடிச்சுக்கலாம்."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே, அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி, ஒரு பட்டை கிரீஸ். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"மூணு நாற்பது."

"தங்கச்சி... மூணுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நீங்க கீழ போறதுக்கு முன்னாடி."

"அதுக்காக..."

"வேணும்னா இன்னொரு தடவ படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கத்தரிக்காய்க்குப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். மூன்று நாற்பது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றேன். எனக்கு ஒரு பைசா இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தெருவுக்கு வந்தேன்.

நாலு வீடு தள்ளி ஒரு வெல்டிங் பட்டறை. அதற்கு மேல் நடக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெல்டர் வயதானவர். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவரும் என் நெஞ்சில் இருந்த கிரீஸ் கோட்டைத்தான் பார்த்தார்.

"ஜீப் பாக்க வந்தீங்களா?"

"ம்."

"கீழ படுத்தீங்களா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

"அதுக்கு அடியிலதான் அவ புருஷன் போனாரு. அவ சொல்லியிருக்க மாட்டா. ஜாக்கி நழுவிடுச்சு. வண்டி நிறைய இரும்பு பைப்பு வேற. நாங்க நாலு பேரு புடிச்சுத் தூக்கிப் பாத்தோம். இந்தப் பக்கம் தூக்கினா அந்தப் பக்கம் அழுத்துது. கீழ கத்துறாரு. விட்டுட்டோம். ரோட்டுல ஒரு கிரேன் போச்சு. நாந்தான் ஓடிப்போய் மறிச்சேன்."

"தூக்கினானா?"

"எட்டாயிரம் கேட்டான்."

"சரி..."

"அவ மூணுன்னா."

சொம்பைக் கீழே வைத்தேன்.

"அப்ப... அவரு உயிரோடவா இருந்தாரு?"

"உயிரோடதான். நெனப்பும் இருந்துச்சு. கீழ படுத்துக்கிட்டே அவரே விலைய ஏத்திக்கிட்டிருந்தாரு. நாலு குடு... அஞ்சு குடு... கேக்கறதக் குடுத்துடுன்னு. சத்தம் வரவரச் சன்னமாகுது. இவ குனிஞ்சு, 'நீங்க சும்மா இருங்க, நான் பேசறேன்'ங்கறா. அப்படிப் பேசினா கிரேன்காரன் விலைய எறக்க மாட்டானாம்."

"எவ்வளவு நேரம் பேசினாங்க?"

"நாற்பது நிமிஷம். நாலரை ஆயிரத்துக்குப் படிஞ்சுது. கிரேன் மாட்டித் தூக்கினான். ஆளுக்கு மூச்சு இல்ல."

"நீங்க அங்கதான இருந்தீங்க? நீங்க யாராவது அந்தக் காசக் குடுத்திருக்கலாமே?"

வெல்டர் எழுந்தார். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். தீப்பொறி பறந்தது. கொஞ்ச நேரம் பற்ற வைத்தார். நான் போக எழுந்தபோது, கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"கிரேன்காரனுக்கு அவ கடைசில மூணுதான் குடுத்தா. அவன் சண்டைக்கு வந்தான். 'நாலரைன்னு பேசினது ஆள உயிரோட எடுக்கறதுக்கு'ன்னுட்டா."